கடைசிக்கு வைத்த முகம்

திரை முழுக்கக் கேள்விக்குறிகளாகவே நின்றன, வரி வரியாக, இடையில் ஒரு காற்புள்ளி, எங்கோ ஒரு முற்றுப்புள்ளி, மறுபடியும் கேள்விக்குறிகள். பேச்சியம்மாள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் ஏதாவது ஒன்று தலையைத் தூக்கித் தன் பழைய எழுத்தாக மாறிவிடும் என்று எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் நம்ப முடியாது, ஆனாலும் கண்ணை எடுத்தால் அந்த நேரம் பார்த்து அது நடந்து தொலையுமோ என்று இருந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் மட்டும் க்ளிக் என்றது. கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ ரெண்டு பக்கமும் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். எழுத்து உருக்குலைந்து போனால், பெட்டி பெட்டியாக, கொக்கி கொக்கியாக, தலையில் கொம்பு முளைத்த அயல்தேசத்து எழுத்தாகத் தெரிந்தால், எல்லோரும் ஐயோ போச்சே என்றுதான் இந்த மாடிப்படி ஏறி வருகிறார்கள். அது போயிருக்காது. உள்ளே இருப்பது இருந்தபடியேதான் இருக்கும், பார்க்கிற கண்ணாடிதான் தப்பு, எந்தக் கண்ணாடி என்று கண்டுபிடித்து மாட்டிவிட்டால் எழுத்து எழுந்து வந்துவிடும், அதைத்தானே அவள் இந்த ரெண்டு வருஷமாக இந்த டி.டி.பி. சென்டரில், இந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறாள். கேள்விக்குறி அப்படியில்லை. எழுத்தை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தில் ஒரு கல்லை வைத்ததுபோல. அ-வுக்கும் அதே கல், ன-வுக்கும் அதே கல். எந்தக் கல்லுக்கு அடியில் எது கிடந்தது என்று கல்லுக்கே தெரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது. கல் என்று சொல்லலாமா. சொல்லக்கூடாது, அவர் கல்லறைத் தோட்டத்தை நினைத்துக்கொள்வார்.

அவர் ஞானதுரை. தூத்துக்குடியில் ஒரு ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர், நாற்பது தாண்டியவர், கண் தெரியாது. முதல் தடவை வந்தபோது சார் என்றாள், சார் எல்லாம் ஆபீசோட போகட்டும், அண்ணாச்சின்னு கூப்பிடு என்றார். பென்டிரைவை ஒரு காலித் தைல டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, மூடிக்கு மேலே ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தத் தைல வாசனை இன்னும் போகவில்லை, இப்போதுகூட கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் இடத்திலிருந்து, இயந்திரத்துக்கே தலைவலி வந்து யாரோ தடவிவிட்டதுபோல, மெல்ல வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எதிரில் இருப்பவர்கள் அவளைப் பார்க்காதபோதுதான் அவளுக்கு நன்றாகக் காது கேட்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பன்னெண்டு வயசு வரைக்கும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது தங்கச்சி. பொறவு ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வந்துச்சு, பானை வாய் மாதிரி. கடைசில நடுவுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள அம்மா மொகம் மட்டும் இருக்கும். பொறவு அதுவும் இல்ல." கண் போனாலும் பார்த்ததெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்தாராம். அதுவும் அழியும் என்று யாரும் சொல்லவில்லையாம். முதலில் நிறம் போனது, பிறகு பக்கத்து வீடு எத்தனை படி என்பது, அப்புறம்தான் பயந்துபோய் ஒவ்வொன்றாக எழுதிவைக்க ஆரம்பித்தார், பார்வையற்றோர் பள்ளியில் கற்ற தமிழ் டைப்பிங் விரலில் இருந்தது. தெருவை எழுதினார். வீட்டை எழுதினார். நிறங்களை எழுதினார். "மொகத்தைக் கடைசிக்கு வச்சேன். சோத்துல முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கமுல்லா, அந்த மாதிரி." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இப்போ அம்மா மொகம் எனக்கு ஞாபகம் இல்ல. எழுதி வச்சிருக்கேங்கிறதுதான் ஞாபகம்."

போட்டோ இல்லையா என்று அவள் கேட்கவில்லை, கேட்க நினைத்ததை அவரே எடுத்துக்கொண்டார். ஒன்று இருக்கிறதாம், கோயில் அசனத்தன்று, சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடுகிற நாளில், கூட்டமாக எடுத்தது. "காட்டாத ஆளு இல்ல. அந்தா ஓரத்துல, மொளகு சைசுல தெரியுதுங்கான் ஒருத்தன். நல்ல களையான மொகம்ங்கான் இன்னொருத்தன், அவன் எங்க பெரியம்மையப் பாத்துட்டுச் சொல்லுதான்." ஒற்றைப் பிள்ளை. அப்பா முன்னாலேயே இல்லை. அம்மாவும் போய் இருபது வருஷம். அந்த முகத்தைப் பார்த்ததாகச் சொல்ல ஊரில் ஆள் இருப்பார்கள்தான், ஆனால் அவர்களிடம் கேட்டால் நல்லவ, பாவம், கஷ்டப்பட்டா என்பார்கள், அது முகமா. பேச்சியம்மாளுக்கு அது புரிந்தது. தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அவருக்குத் தலையாட்டுவது தெரியாதே என்று உறைத்து, ம் என்றாள், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

வந்திடும் அண்ணாச்சி என்று ஏன் சொன்னாள். யார் சொல்லச் சொன்னது. போன வாரம் போனில் அவர் கேட்டபோது தெருவும் வீடும் நிறங்களும் வந்திருந்தன, அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். அவை மூன்றும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை, திறந்தால் அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் mk;kh என்று நிற்கும், அவருடைய பேசும் கம்ப்யூட்டர் அதை எம் கே கே ஹெச் என்று உளறியிருக்கிறது, அவர் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து வருஷக்கணக்காகத் திறக்காமலே வைத்திருந்திருக்கிறார். அதை இப்போதைய தமிழ் எழுத்தாக மாற்றுகிற மென்பொருள் இருக்கிறது. போட்டாள், வந்துவிட்டது, அங்கங்கே ஒற்றைக்கொம்பு தள்ளி நின்றது, கையால் சரிசெய்துகொண்டே வாசித்தாள். எங்கள் தெருக் குழாயடியில் பச்சைக் குடங்கள், சிவப்புக் குடங்கள், ஒரே ஒரு மஞ்சள் குடம், மஞ்சள் குடம் எங்களுடையது. சாயங்காலம் வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருக்காது, அதை வெள்ளை என்று சொல்லுகிறவர்கள் பார்க்காமல் சொல்லுகிறார்கள். இந்த இடத்தில் அவள் நிறுத்தி மறுபடி வாசித்தாள். பார்க்காமல் சொல்லுகிறார்கள். அவளும் ராத்திரி படுப்பதற்கு முன்னால் போனில் ஏதேதோ எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள், ஒன்றில்கூட இப்படி ஒரு சுவர் இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் முகம் இருந்த நாலாவது கோப்பைத் திறந்து பார்க்காமலே, அதுவும் வந்திடும் அண்ணாச்சி, எல்லாம் வந்திடும் என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வெள்ளிக்கெழமை லீவு போட்டுட்டு வாரேன் என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவள் வாழ்க்கையில் யாரிடமும் இத்தனை திடமாக எதையும் சொன்னதில்லை. சொன்ன ஒன்றும் பொய்யாகப் போனது.

"ஏட்டி, இன்னுமா அதையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்க?" மும்தாஜ் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். பிழைதிருத்துகிறவள், மேலப்பாளையத்திலிருந்து வருகிறாள், மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய்விடுவாள். "அந்தாளு வந்தா போயிட்டுன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப் பழகு. நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வாரவன் கிட்டயும் வந்திடும் அண்ணாச்சின்னா சொல்லுவ?" பேச்சியம்மாள் சிரித்தாள், இல்லை, உதட்டை மட்டும் அசைத்தாள். நீங்க இருந்து சொல்லிட்டுப் போங்கக்கா என்ற வாக்கியம் நெஞ்சுவரை வந்தது. அது அங்கேயே நிற்கும், அவளுக்குத் தெரியும். காலேஜில் பேசாத பேச்சி என்று கூப்பிட்டார்கள், பெயர் வைத்த குலசாமியே இவள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கும் என்றார்கள், அதற்கும் உதட்டைத்தான் அசைத்தாள். "மொதலாளி மதுரையிலேர்ந்து வர நைட் ஆவும். சாவி கீழ ஜெராக்ஸ்ல குடுத்துரு." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அக்கா போனதும் அறை பெரிதாகிவிட்டது. க்ளிக். நாற்காலிகள் நாலு, ஆள் ஒன்று.

எல்லா வழியும் பார்த்தாயிற்று. பென்டிரைவில் அழிந்தவற்றைத் தோண்டி எடுக்கிற மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள், யாருடைய கல்யாணத்திலோ பந்தி பரிமாறுகிற படங்கள் நாலும், பாதியில் அறுந்த ஞானப்பாட்டு ஒன்றும் வந்தன. அவர் ஆபீசில் அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஏலத்தில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து கடைசி நாளில் இந்தப் பென்டிரைவுக்கு மாற்றியிருக்கிறார், கோப்பின் தேதியையும் நேரத்தையும் பார்த்தால் தெரிகிறது, ஆபீஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு, மின்விசிறிகூட நிறுத்தியிருப்பார்கள். பழைய கோப்புகள் மூன்றும் கம்ப்யூட்டர் கணக்கில் ஆங்கில எழுத்துதான், ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்திருக்கும். நாலாவதை அவர் புது யூனிகோடில், தமிழாகவே அடித்திருந்தார், அதைச் சேமிக்கும்போது ஒரு பெட்டி எழும்பி வந்திருக்கும். இப்படிச் சேமித்தால் இதிலுள்ள சில எழுத்துகள் போய்விடும், சரியா, என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கும். சில எழுத்துகள் என்றுதான் கேட்கும். எல்லா எழுத்தும் என்று கேட்காது. பேசும் கம்ப்யூட்டர் அதை மூச்சுவிடாமல் கடகடவென்று வாசித்திருக்கும், வாசித்து முடிப்பதற்குள் அவர் விரல் என்டரில் இருந்திருக்கும். யாருடைய விரல்தான் இல்லை. அவளே எத்தனை பெட்டிகளுக்கு வாசிக்காமல் சரி சொல்லியிருக்கிறாள், ஹாஸ்டலில், வங்கியில், போன மாதம் சித்தப்பா ஒரு பையனின் போட்டோவை நீட்டியபோதுகூட. அந்த ஒரு தட்டில் பெட்டி மூடியிருக்கும், அவர் தடவிப் பார்த்துப் பென்டிரைவைக் கழற்றி, பத்திரமாயிட்டு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு, படி எண்ணி இறங்கியிருப்பார். பத்திரமாகத்தான் இருந்தது. கல்லாக இருந்தது. உங்கள் விரல்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டுமா. அவர் கேட்டால். கேட்காமல் இருக்கமாட்டார், கேட்கிற ஆள்தான்.

மறுபடியும் மேலே போனாள். முதல் வரியில் ரெண்டே சொல். ஐந்து குறி, ஒரு இடைவெளி, ஐந்து குறி, புள்ளியும் காலும் கொம்பும்கூடக் கம்ப்யூட்டருக்குத் தனித்தனிக் குறிதான். அம்மா என்று அடித்தால் ஐந்துதான் வரும், முகம் என்று அடித்தாலும் ஐந்துதான். அம்மா முகம். தலைப்பாக இருக்கும். அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அடுத்த வரி நாலு குறியில் ஆரம்பிக்கிறது. அவள். இருக்கலாம். அவர் என்றாலும் நாலுதான், நான் என்றாலும் நாலு, அவன் என்றாலும், யார் என்றாலும், பயம் என்றாலும் நாலுதான். அம்மா கோபம் என்றாலும் முதல் வரி இதே அளவில்தான் நிற்கும். துள்ளியது அடங்கிவிட்டது. ஆனால் கண் விடவில்லை. சின்னச் சொல், சின்னச் சொல், பெரிய சொல், காற்புள்ளி. இப்படித்தானே அவர் எழுதுவார், மஞ்சள் குடம் எங்களுடையது, அந்த நடை அவளுக்குப் பழகிவிட்டது, மூன்று கோப்பைக் கையால் சரிசெய்தவளுக்குப் பழகாதா. பக்கத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். சும்மா. வருகிறதா என்று பார்க்கத்தான். அம்மா முகம் என்று அடித்தாள். அவள் நெற்றி சின்னது, என்று அடித்தாள். அடுத்த வாக்கியம் தானாக வந்தது, அதற்கடுத்ததும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு கன்னம் மட்டும் சிவக்கும், மற்றக் கன்னம் வேறு யாருடையதோ போல இருக்கும். நன்றாக இருந்தது. பயமாக இருந்தது. ஒரு பத்தி முழுக்க வந்துவிட்டது, ஒருமுறைகூட அழிக்காமல். இதை வாசித்தால் அவருக்கு எப்படித் தெரியும். அவருக்கே ஞாபகம் இல்லை என்றுதானே சொன்னார். ஒரு முகம் கேட்டு ஒரு மனிதர் பஸ் ஏறி வருகிறார், ஒரு முகத்தைக் கொடுத்து அனுப்பினால் என்ன. பாவமா அது. ராத்திரி படுக்கும்போது அதை அவர் உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்வார். யாருக்கு நஷ்டம்.

மூக்குத்தி என்று அடித்துவிட்டு நின்றாள். கிறிஸ்தவப் பெண், அந்தக் காலத்தில் மூக்குத்தி போட்டிருப்பார்களா, அவர்கள் பக்கம் நிறையப் பேர் போடமாட்டார்களே. பின்னே யாருக்கு இந்த மூக்குத்தி. அப்போதுதான் பார்த்தாள், சின்ன நெற்றி, அடுப்புக்கு முன்னால் சிவந்த கன்னம், பேசும்போது ஒரு பக்கம் இறங்குகிற உதடு, எல்லாம் வீட்டில் இருக்கிற அவளுடைய அம்மா. இன்றைக்குக் காலையில் இட்லித்தட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை விட்டுராத என்ற அம்மா. தன் அம்மாவைத் தூக்கி அவருக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். சரி, அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம். வலது. இல்லை, இடது. கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா இட்லித்தட்டோடு திரும்பினாள், முகத்தில் ஆவி, மூக்குத்தி அந்தப் பக்கமும் இருந்தது, இந்தப் பக்கமும் இருந்தது, எந்தப் பக்கம் நினைத்தாளோ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் கம்மலில் ஒரு கல் உதிர்ந்திருந்ததைச் சொல்வாள், ஜெராக்ஸ்காரர் கட்டைவிரல் நகம் கறுத்திருப்பதைச் சொல்வாள், இருபத்துநாலு வருஷமாகச் சோறு போடுகிறவளின் மூக்கைச் சொல்லத் தெரியவில்லை. பார்க்காமல் சொல்லுகிறார்கள். போன் அடித்தது.

"தங்கச்சி, ஞானதுரை பேசுதேன். பஸ்ல இருக்கேன். வாகைக்குளம் டோல்கேட்டுல நிக்கி, பாத்துக்க." பின்னால் குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. "தொந்தரவு பண்ணுதேனோ? உனக்கு வேலை இருந்தா நான் கீழ டீக்கடையில ஒக்காந்துக்கிடுதேன்."

"இல்ல அண்ணாச்சி." இதுதான் இடம். இங்கேயே சொல்லிவிட்டால் அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். குழந்தை அழுதது. "வாங்க" என்றாள்.

வாங்க. எதற்கு வாங்க. லைன் கட்டான பிறகு போனை வெறித்துக்கொண்டிருந்தாள். இனி அவர் வந்துகொண்டே இருப்பார், கே.டி.சி. நகர் வளைவு, பாலம், மார்க்கெட், ஒவ்வொரு இடமாக அவரை நெருக்கிக்கொண்டு வரும், யாராவது கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள், ஆட்டோக்காரன் மாடிப்படி வரை கொண்டுவந்து விடுவான். ரெண்டு பக்கமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றில் கல், ஒன்றில் முகம். மூக்குத்தியை மட்டும் அழித்தாள். மற்றதை அழிக்கவில்லை. அழிக்கக் கை போனது, திரும்பி வந்தது. ஏன் அழிக்க வேண்டும், யாரையாவது ஒருத்தியைப் பார்த்து எழுதியதுதானே, எல்லா அம்மாவுக்கும் அடுப்புக்கு முன்னால் ஒரு கன்னம்தான் சிவக்கும். அப்படியானால் அவர் எதற்காக எழுதினார், ஊரில் எல்லோருக்கும் பொதுவான கன்னத்தை எழுதவா கடைசிக்கு ஒதுக்கி வைத்தார். தண்ணீர் குடித்தாள். பாட்டிலில் டப்பாச் சோற்றின் மணம். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி மும்தாஜ் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக அது கைப்பிடிக்கு நகர்ந்தது, தரைக்கு இறங்கியது, அவள் ஒரு சொல்லும் தயார் செய்யவில்லை. ஒரு வாக்கியம் போதும். வரவில்லை அண்ணாச்சி. அதைச் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும். அதை அவள்தான் பார்த்தாக வேண்டும், அவர் பார்க்கமாட்டார், அவர் முகம் என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே ஆட்டோ நின்றது. "மெதுவா அண்ணாச்சி, மேல போர்டு இடிக்கும்." தடி முதல் படியைத் தட்டியது.

அவர் உள்ளே வந்து, மேஜை விளிம்பைத் தொட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் வேண்டாம் என்றார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார். கைக்குட்டையால் முகத்தை, கழுத்தை, காதுக்குப் பின்னால்கூட, நிதானமாகத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார், வகிட்டை விரலால் தொட்டுச் சரிபார்த்தார். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். யாரையோ பார்க்கப் போகிறவர் மாதிரி. பேச்சியம்மாள் அந்தச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு பல் போயிருந்தது, அது திரும்பப் பைக்குள் போவதைப் பார்த்தாள்.

"வாசி தங்கச்சி" என்றார்.

அவள் எழுதிய பக்கம்தான் முன்னால் நின்றது. அம்மா முகம். வாயைத் திறந்தால் போதும், அது வாசிப்பதற்குத் தயாராக இருந்தது, அழகாகக்கூட இருந்தது. "வரல அண்ணாச்சி" என்றாள்.

குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் கேட்காததுபோல முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"தெருவு, வீடு, கலரு மூணும் வந்துட்டு. மொகம் வரல. அதுல எழுத்தே இல்ல, எல்லாம் கேள்விக்குறியா இருக்கு. அன்னைக்கு நான் அதைத் தொறந்து பாக்காமச் சொல்லிட்டேன்." விசைப்பலகையை ஓரமாகத் தள்ளினாள். "இனி வராது. எங்க குடுத்தாலும் வராது."

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"நான்தான் எதையும் அமுக்கிட்டேனோ?"

"கம்ப்யூட்டர் கேட்டிருக்கும். இங்கிலீஷ்ல, வேகமா. எல்லாரும் சரின்னுதான் அமுக்குவாங்க."

"அப்ப நான்தான்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. ம் என்றாள், இந்தத் தடவை முழுதாக.

கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார். "எவ்வளவு இருக்கு? கொஞ்சமாத்தான் எழுதினேனோ?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி. இறங்கிக்கிட்டே இருக்கு."

"அப்படியா?" முகத்தில் ஏதோ அசைந்தது. "அவ்வளவு பாத்திருக்கனா நான்." பிறகு, "அதை வாசியேன்" என்றார்.

"கேள்விக்குறிய எப்படி அண்ணாச்சி?"

"எப்படி இருக்கோ அப்படி. சின்ன வார்த்தையா, பெரிய வார்த்தையான்னு சொல்லு. எங்க நிறுத்தினேன்னு சொல்லு."

அவள் தன் பக்கத்தை மூடினாள், சேமிக்கவா என்று அது கேட்டது, வேண்டாம் என்றாள். பிறகு வாசித்தாள். சின்னது, சின்னது, பெருசு, கமா. சின்னது, பெருசு, நிறுத்தம். முதலில் வெட்கமாக இருந்தது, பைத்தியக்காரத்தனமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் குரல் அதற்குப் பழகியது, நீளமான வாக்கியம் வந்தால் குரல் தானாக இறங்கியது. அவர் உதடு கூடவே அசைந்தது, சத்தம் வரவில்லை. ஓரிடத்தில் நிறுத்தமே இல்லாமல் நாலு வரி போனது, அவர் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் அவள் இவ்வளவு தூரம் கீழே வந்ததில்லை, மேலிருக்கிற ஒன்றிரண்டு பக்கத்திலேயே நின்று வெறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்னது, சின்னது, என்று போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். கேள்விக்குறிகளுக்கு நடுவே ஒரு எழுத்து இருந்தது. ஆங்கில எழுத்து. V. அது மட்டும் கல்லாகாமல் நின்றது.

"என்ன தங்கச்சி?"

"இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு இருக்கு. வி. அது மட்டும் போகல. அதுக்குப் பொறவு ஆறு குறியில ஒரு வார்த்தை. பொறவு நிறுத்தம்."

"வி." அவர் ரெண்டு விரலை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டார், பன்னிரண்டு வயசு வரை பார்த்தவருக்கு வி எப்படி இருக்கும் என்று தெரியும். "வி மாதிரின்னு எழுதியிருப்பேன். வி போல. எது வி போல?" விரல்கள் காற்றில் நின்றன. "எது?" நெற்றிக்குப் போனார், தடவினார், புருவத்துக்கு நடுவில் அழுத்தினார், மேலுதட்டில் வைத்துப் பார்த்தார், தாடையில், கழுத்தில். தன் முகத்தில் இருட்டில் விளக்குச் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரித் தேடினார். "வரமாட்டேங்கு." கையை இறக்கினார். "எனக்கு அம்மா சாயல்னு எல்லாரும் சொல்லுவாங்க தங்கச்சி. அச்சு அசல்ங்கும் பெரியம்மை." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார், முகத்தை நிமிர்த்தினார். "நீ கொஞ்சம் பாரு. எங்கயாவது இருக்கான்னு பாரு."

அவள் இதுவரை எந்த ஆணின் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை, பஸ்ஸில் பக்கவாட்டில், கண்ணாடியில், குனிந்த தலையின் மேலிருந்து, அப்படித்தான். பார்த்தாள். வாரிய தலைமுடி நெற்றியில் நேராகத்தான் இறங்கியது. நெற்றியில் மூன்று கோடு, குறுக்கே. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம், அது அவர் அம்மாவிடமிருந்து வந்ததில்லை. இடது கன்னத்தில் ஒரு அம்மைத்தழும்பு. கண்கள் அவளுக்குச் சற்று மேலே எதையோ பார்த்து நின்றன. புருவத்துக்கு நடுவே ஒரு மடிப்பு இருந்தது, ஒற்றைக் கோடு, வேண்டுமென்றால் அதை வி என்று சொல்லிவிடலாம், வேண்டுமென்றால் எதையும் சொல்லலாம், சட்டைப் பொத்தானுக்கு மேலே கழுத்துக்குழி வி மாதிரித்தான் இருந்தது, அது எல்லோருக்கும் இருக்கும். ஆமா என்று ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு அவர் தூத்துக்குடிவரை போய்விடுவார், வாழ்க்கை முழுக்கப் போய்விடுவார்.

"சிரிங்க அண்ணாச்சி" என்றாள். அவள் யாரையும் இப்படி ஏவியதில்லை.

அவர் முயன்றார். உதடு இழுபட்டது, கன்னம் ஏறியது, பாதியில் எல்லாம் இறங்கிவிட்டது. "வரலயே தங்கச்சி." மறுபடி முகத்தை நிமிர்த்தி, "தெரியுதா?" என்றார்.

"இல்ல."

"கோவப்படும்போது இருந்திருக்குமோ? அம்மா நெறையக் கோவப்படுவா."

"தெரியல அண்ணாச்சி. அசையாம இருங்க, இன்னும் பாக்கேன்."

அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் தரையிலிருந்தும் போய்விட்டது. முகத்தின் ஒரு பக்கம் மங்கத் தொடங்கியது, முதலில் காதோரம், பிறகு கன்னம். விளக்கைப் போட வேண்டும். எழுந்தால் அவர் திரும்புவார், திரும்பினால் விட்ட இடம் போய்விடும் என்று அவள் எழவில்லை, நாற்காலியை மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.